இலங்கை கிழக்கே, பஸ் மேற்கே: ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பும் நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனுஷ்கோடி தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனையில் முதுகுப்பையோடு நிற்பவர்கள் எங்களிடம் அநேகமாகக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இங்கேயிருந்து இலங்கைக்கு போட் எத்தனை மணிக்கு?" இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். போட்தான் இல்லை. போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி வந்து கப்பல் ஏறிய காலம் 1964 டிசம்பர் புயலோடு போயிற்று. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில், இலங்கையில் போர் மூண்டபோது நின்றது. மீனவர் யாருக்காவது காசு கொடுத்துப் போகலாமா என்று சிலர் மெதுவாகக் கேட்பார்கள். வேண்டாம். அவர் படகும் பறிபோகும், நீங்களும் கம்பி எண்ணுவீர்கள்.

ஆக, கிழக்கே போக மேற்கே திரும்பவேண்டும்: மதுரை போய் கொழும்புக்கு விமானம். இல்லையென்றால் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல், சுமார் நான்கு மணி நேரம். 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய கப்பல் அது. கடல் சரியில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். கப்பல் உண்டா என்று அன்றைக்கு உறுதி செய்யாமல் தொண்டி, மீமிசல், முத்துப்பேட்டை என்று பஸ் மாறிப் போய் நிற்காதீர்கள்.

என் கணக்கில் பெரிய தவறு, "காலையில் தீர்த்தமாடிவிட்டு அப்படியே கிளம்பிவிடலாம்" என்று நினைப்பது. நானே செய்தேன். கோயிலின் 22 தீர்த்தக் கிணற்றிலும் வாளி வாளியாக நனைந்து வெளியே வந்தபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வேட்டியைப் பிழிந்து பாலித்தீன் பையில் சுற்றி அடியில் திணித்தேன். வழியில் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. மதுரை விமான நிலைய வாசலில் திறந்து பார்த்தால், ஈ.டி.ஏ. அனுமதியை (இலங்கைக்குள் நுழைய இணையத்தில் வாங்குவது) அச்செடுத்த தாள் ரசத்தில் ஊறிய அப்பளம் மாதிரி கிடந்தது. கைபேசியில் இன்னொரு பிரதி இருந்தது; சார்ஜ்தான் நான்கு சதவீதம். தீர்த்தம், தனுஷ்கோடி எல்லாவற்றையும் முந்தின நாளே முடித்துவிடுங்கள். தாள் இடுப்புப் பையில் இருக்கட்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் வரவேண்டும், பெரிய பையில் போட்டால் எடுக்கச் சொல்வார்கள்.

மதுரை சுமார் 170 கிலோமீட்டர். நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் பாம்பன் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி செல்ஃபி எடுப்பவர்களுக்காகக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ரயில்தான் நிம்மதி என்றால், காற்று பலமாக அடிக்கும் நாளில் பாலத்தில் அதையும் நிறுத்திவைப்பார்கள். பஸ்ஸில் அசந்து தூங்கி மாட்டுத்தாவணி பஸ் நிலையம் வரை போய்விடாதீர்கள். விரகனூர் ரவுண்டானாவிலேயே இறங்கி ஆட்டோ பிடித்தால் ஊருக்குள் நுழையாமல் விமான நிலையம் போய்விடலாம். கண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லிவையுங்கள்.

கரையில் பொறுக்கிய பவளத் துண்டு பையில் இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற பொருள் அது, செத்த துண்டாக இருந்தாலும். கடல் அட்டை, கடல் குதிரை காய்ந்தது என்று யாராவது ரகசியமாக நீட்டினால் கையைக்கூட நீட்டாதீர்கள். அடையாளம் தெரியாத சங்கும் வேண்டாம்.

இலங்கையில் இறங்கியதும் களைப்பில் நடப்பது காசுத் தவறு. நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் காசு மூன்றுக்கு மேல் வரும். அதனால் எல்லாமே மலிவு என்று தோன்றாது, எல்லாமே விலை என்று தோன்றும். "ஆயிரமா!" என்று பதறி ஆட்டோக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் மூன்றால் வகுத்துப் பாருங்கள். கடிகாரத்தைத் திருப்பவேண்டியதில்லை, நேரம் ஒன்றுதான்.

விமான நிலையம் இருப்பது கட்டுநாயக்கவில். கொழும்பு இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல். இரவில் இறங்கினால் நகரத்துக்கு ஓடாமல் பக்கத்தில் நீர்கொழும்பில் அறை எடுங்கள். விடிந்ததும் கடற்கரைப் பக்கம் போனால் பாய் விரித்து மீன் காயப்போட்டிருப்பார்கள். அந்த வாடைக்கு, இத்தனை தூரம் சுற்றி மறுபடி மண்டபத்துக்கே வந்துவிட்டோமா என்று எனக்கு ஒரு நிமிடம் சந்தேகமே வந்தது.