தாத்தாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கியைக் கையில் எடுக்கும் முன்

எங்கள் வீடு ஒடுகத்தூருக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில். அணைக்கட்டு, அமிர்தி, ஆலங்காயம் என்று இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் பீரோவுக்குள்ளே துணி சுற்றிய ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இன்னும் இருக்கும். தாத்தா காலத்தில் அது முயலுக்கும் கௌதாரிக்கும் போனது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் அதற்கு வந்த திருத்தமும் அந்தக் கதையை முடித்துவிட்டன. லைசென்ஸ் இருந்தாலும் சரி, சொந்த நிலமாக இருந்தாலும் சரி, முயல், மான், மயில், காட்டுப்பன்றி எதையும் நாமாகச் சுடக்கூடாது. பன்றி நிலக்கடலையைத் தோண்டிப்போட்டால் வனத்துறையிடம்தான் சொல்ல வேண்டும். அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும், இருந்தாலும் வழி அதுதான். ஆக, வேட்டைக்குப் போவது எப்படி என்று இங்கே எழுதவில்லை. வேட்டைக்கென்று செய்த அந்தத் துப்பாக்கி கைக்கு வந்தால் அது நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, எந்தத் தோட்டா போடலாம், எப்படித் துடைத்து வைப்பது, இதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் காகிதம். லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், துப்பாக்கி பீரோவிலேயே கிடக்கட்டும், காரியமெல்லாம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். தாமதிக்காமல் அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பெரியவர் இருக்கும்போதே மாற்றுவது இன்னும் நல்லது. 2016 ஆயுத விதிகளின்படி அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, 25 வருடம் துப்பாக்கி வைத்திருந்தாலோ, வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்க முடியும், லைசென்ஸ் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாகியிருக்கிறது. இதெல்லாம் முடியாமல் கீழே உள்ள எதையும் செய்ய வேண்டாம்.

சரி, துப்பாக்கி உங்கள் பெயரில் வந்துவிட்டது. கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை மேலே உள்ள நெம்புகோலைத் தள்ளி, மடித்துத் திறந்து, இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. முப்பது வருடம் யாரும் தொடவில்லை என்று வீட்டில் எல்லோரும் சத்தியம் செய்தாலும் பாருங்கள். அப்படியே குழலை வெளிச்சத்துக்குக் காட்டி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நோக்குங்கள். நம் ஊரில் குளவி எந்த ஓட்டையையும் விடாது, சாவித் துவாரத்தில்கூட மண்ணை வைத்து அடைக்கும். துப்பாக்கிக் குழல் அதற்கு மாளிகை. உள்ளே ஒரு சின்ன மண்கூடு இருக்கும்போது சுட்டால் குழல் வெடிக்கும், அதைப் பிடித்திருக்கும் இடது கைதான் முதலில் போகும். எங்கள் துப்பாக்கியில் நானே ஒருமுறை அப்படி ஒரு கூட்டை எடுத்திருக்கிறேன், அதிலிருந்து எப்போது வெளியே எடுத்தாலும் முதலில் உள்ளே பார்க்காமல் வேறெதுவும் செய்வதில்லை.

அடுத்து, குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியாக எடுங்கள். குழலுக்கு அடியில் இருக்கும் கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, இன்னொரு கை விரல் முட்டியால் லேசாகத் தட்டுங்கள். கோயில் மணி மாதிரி கணீரென்று இழுத்து ஒலித்தால் இரண்டு குழலையும் சேர்க்கும் ஈயப் பற்று உறுதியாக இருக்கிறது. ஓட்டைப் பானையைத் தட்டிய மாதிரி சொத்தென்று கேட்டாலோ, கிர்ரென்று அதிர்ந்தாலோ நடுப்பட்டை எங்கேயோ விட்டிருக்கிறது. அதற்குள்ளே ஈரம் புகுந்து வெளியில் தெரியாமலே துரு தின்னும்.

பிறகு உள்சுவர். ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிக் குழலைப் பிடித்து மெதுவாகச் சுற்றினால் உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாகத் தெரியும். வளையம் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே குழல் நசுங்கியிருக்கிறது, வளையமே கறுப்பாகத் திரண்டு நின்றால் உப்பியிருக்கிறது. புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தால் துரு குழி. வாய்ப்பக்கம் சின்னக் குழிகள் இருந்தால் பெரிதாகக் கவலையில்லை, தோட்டா உட்காரும் சேம்பருக்கு முன்னால் ஆழமான குழிகள் இருந்தால் அது சுடும் துப்பாக்கி இல்லை. இன்னொன்று: உள்ளே கண்ணாடி மாதிரி பளபளக்கிறதே என்று மயங்காதீர்கள். எங்கள் துப்பாக்கியை ஒருமுறை ரிப்பேருக்குக் கொடுத்தபோது குழிகள் தெரியக்கூடாது என்று உள்ளே தேய்த்துத் தேய்த்துச் சுவரையே மெல்லிசாக்கிக் கொடுத்துவிட்டார்கள். பார்க்க அழகாக இருந்தது. சுவர் எந்த இடத்திலும் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது, அதைக் கண்ணால் சொல்ல முடியாது, தடிமன் அளக்கும் கருவி உள்ளவரிடம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

முன்கட்டை இல்லாமலே குழலைத் திரும்ப மாட்டி மூடுங்கள். முன்கட்டையில் உள்ள ஸ்பிரிங் தள்ளிப் பிடிப்பதால் அது மாட்டியிருக்கும்போது ஆட்டம் தெரியாது, அதனால்தான் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன். தோளில் வைக்கும் கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு குழலைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால், அல்லது குழலுக்கும், மூடியதும் அது போய் ஒட்டும் பின்முகத்துக்கும் நடுவே விளக்கு வெளிச்சம் கோடாகத் தெரிந்தால், கொக்கி தேய்ந்திருக்கிறது. இது சரிசெய்யக்கூடிய வேலைதான், ஆனால் கைதேர்ந்தவர் செய்ய வேண்டியது. நடுவே தகட்டை வைத்து அடைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இப்போது குழலின் அடிப்பக்கத் தட்டையில், சுட்டுச் சோதித்ததற்கு அடையாளமாக அடித்திருக்கும் குட்டிக் குட்டி முத்திரைகளைப் பாருங்கள், ஒரு பழைய துப்பாக்கியின் ஜாதகம் அங்கேதான் இருக்கிறது. கிரீடத்துக்குக் கீழே பின்னிய ஜி, பி எழுத்துகள் என்றால் லண்டனில் சோதித்தது. கிரீடமும் பி.வி., பி.பி. எழுத்துகளும் என்றால் பர்மிங்காம். முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்றால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். ஆங்கிலத் துப்பாக்கியில் கிரீடத்துடன் என்.பி. என்ற எழுத்துகள் இருந்தால் புகையில்லா மருந்துக்கு, அதாவது இன்றைய தோட்டாவில் இருக்கும் வெடிமருந்துக்கு, சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது இல்லாமல் குழல் முழுக்கப் பாம்புச் சட்டை மாதிரி சுருள் சுருளாக வரி ஓடினால் அது டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். இரும்பும் எஃகும் சேர்ந்த பட்டையைச் சுருட்டி, காய்ச்சி, அடித்து ஒட்டிச் செய்தது, அதற்கு முந்தைய பழைய வெடிமருந்தான கருமருந்துக் காலத்து வேலை. பார்க்கப் பார்க்க அலுக்காது. ஆனால் உள்ளே எந்த ஒட்டில் துரு இறங்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. இன்றைய தோட்டாவை அதில் போடாதீர்கள். சுவரில் மாட்டவும் வேண்டாம், பூட்டிய பீரோவில் எண்ணெய் போட்டு வையுங்கள்.

தோட்டா விஷயத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள், பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். பன்னிரண்டு போர் (bore, குழலின் அளவு) என்றால் குழலின் விட்டத்துக்குச் சரியான ஈய உருண்டை பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை, விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். எல்லாப் பன்னிரண்டும் ஒரே பன்னிரண்டு இல்லை. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் சேம்பர் நீளம் பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர் வாக்கில். இன்று கடையில் கிடைப்பதில் நிறைய 70 மில்லிமீட்டர் தோட்டா. அதைப் போட்டுப் பார்த்தால் அழகாக உள்ளே போகும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும், ஏனென்றால் 70 என்பது சுட்டபிறகு மடிப்பு விரிந்த நீளம், சுடாத தோட்டா அதைவிடக் குட்டை. சுட்டதும் வாய் விரிய இடமில்லாமல் சேம்பர் குறுகும் இடத்தில் போய் முட்டும், உள்ளே இருக்கும் ரவை (சின்னச் சின்னக் குண்டுகள்) அந்த இடுக்கு வழியாகப் பிதுங்கிப் போகும், அழுத்தம் ஏறும். மெல்லிசான பழைய குழல் அதைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம். அதனால் சேம்பரை அளந்துவிட்டுத்தான் தோட்டா வாங்க வேண்டும். மெல்லிய இரும்பு ஸ்கேலைப் பின்னாலிருந்து உள்ளே விட்டால், சேம்பர் முடிந்து குறுகத் தொடங்கும் இடத்தில் ஒரு நிழல் வளையம் தெரியும், அதுவரைதான் நீளம். சந்தேகம் வந்தால் கடைக்காரரிடம் அளவுகோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் இருபது போர் துப்பாக்கியும் இருந்தால் இரண்டு தோட்டாவையும் ஒரே பையில் போடாதீர்கள். இருபது போர் தோட்டா சின்னது, பன்னிரண்டு போர் சேம்பருக்குள் நழுவிப்போய் முன்னால் மாட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் காலியாகத் தெரியும், அதன்மேல் பன்னிரண்டைப் போட்டுச் சுட்டால் குழல் கிழியும். இருபது போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான்.

இரண்டு டிரிகர் ஏன் என்று இளசுகள் கேட்பார்கள். முன் டிரிகர் பெரும்பாலும் வலது குழலுக்கு, அதன் வாய் கொஞ்சம் அகலம், ரவை சீக்கிரம் விரியும், கிட்டத்து இலக்குக்கு. பின் டிரிகர் இடது குழலுக்கு, வாய் இறுக்கம், தூரத்துக்கு. எந்தக் குழல் வேண்டும் என்று அந்தக் கணத்திலேயே விரல் முடிவு செய்யலாம். இப்போது இதற்கெல்லாம் இடம், அனுமதி உள்ள சுடும் களங்களில் இலக்காக எறியப்படும், ‘களிமண் தட்டு’ என்று பெயர் பெற்ற 110 மில்லிமீட்டர் தட்டுதான். ரைஃபிள் மாதிரி ஒரு கண்ணை மூடிக் குறிபார்க்க வேண்டாம், இரண்டு கண்ணும் தட்டின்மேல், துப்பாக்கி தானாக முகத்துக்கு வரவேண்டும். நாலைந்து தோட்டாவுக்குப் பிறகு குழல் சூடேறிக் கையைச் சுடும், முன்கட்டை மெல்லிசு, அதனால் இடது கைக்குத் தோல் உறை போட்டுக்கொள்ளுங்கள். சேஃப்டியை நம்பிக் கையை வீசி நடக்காதீர்கள், பல பழைய துப்பாக்கிகளில் அது டிரிகரை மட்டும்தான் பிடிக்கும், கீழே விழுந்த அதிர்ச்சியில் உள்ளே அடிக்கும் குதிரை (ஹேமர்) விடுபட்டால் அதைப் பிடிக்காது. வரப்பு தாண்டினாலும் படி ஏறினாலும் திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டு, மடித்தபடியே கைமேல் போட்டு நடப்பதுதான் தாத்தா எனக்குக் காட்டிய நடை.

வெறுமனே டிரிகரை அழுத்தி விளையாடவும் கூடாது. தோட்டாவின் அடியில் குத்தும் பழைய ஊசிகள் கெட்டியான இரும்பு, அடிபட எதுவும் இல்லாவிட்டால் முறியும். ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைக்க வேண்டுமென்றால் வெற்றுத் தோட்டா வடிவில் கிடைக்கும் ஸ்னாப் கேப் இரண்டை வாங்கிப் போட்டு அழுத்துங்கள்.

துடைப்பது பெரிய வித்தை இல்லை. மரக்கம்பி அல்லது பித்தளைக் கம்பி, வெண்கல பிரஷ், பழைய பனியன் துணி. கருமருந்து சுட்டிருந்தாலோ, பழைய காலத்துக் கேப்பு (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் மூடி) உள்ள தோட்டாவைச் சுட்டிருந்தாலோ எண்ணெய்க்கு முன் குழலை மட்டும் வெந்நீரால் கழுவ வேண்டும், அதில் மிஞ்சும் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. நன்றாகக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லிசாகப் பூசினால் போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். அப்பா அதைத்தான் வருடக்கணக்கில் விட்டார், துப்பாக்கியின் பூட்டுக்குள், அதாவது குதிரையும் ஸ்பிரிங்கும் இருக்கும் இடத்தில், அது பிசினாக இறுகி ஒரு பக்கக் குதிரை பாதியில் நின்றுபோனது. கட்டைக்கு ஆளி விதை எண்ணெய், இரண்டு சொட்டு, உள்ளங்கையால் சூடேறத் தேய்க்கவேண்டும். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் வெயிலில் கட்டை வற்றிச் சுருங்கும், திருகுகள் தளரும். அப்போது கையில் கிடைத்த ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருகாதீர்கள், அந்தத் திருகுகளின் வெட்டு மிக மெல்லிசு, அதே அளவுக்கு ராவிய முனை இல்லாவிட்டால் வாய் சிதைந்துவிடும், அப்புறம் அது ஜென்மத்துக்கும் கழலாது.

வைக்கும்போது வாய் கீழே, கட்டை மேலே. தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் மெல்ல இறங்கிக் கட்டையின் கழுத்துக்குள் ஊறி மரத்தை நொய்ந்துபோகச் செய்துவிடும். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருப்பதால் இங்கே நல்ல தோல் உறைக்குப் பஞ்சமில்லை, எடுத்துப்போக அதை வைத்துக்கொள்ளுங்கள், மாதக்கணக்கில் அதற்குள் அடைத்து வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும், ஐப்பசி மழை முடிந்து திறந்தால் குழல்மேல் உறையின் தையல் தடம் அப்படியே துருவாகப் பதிந்திருக்கும். உலர்ந்த பருத்தித் துணி, இரும்பு பீரோ, நல்ல பூட்டு. தோட்டா வேறு பெட்டியில், வேறு பூட்டில். குழலைக் குட்டையாக வெட்டித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், அது ஆயுதச் சட்டப்படி குற்றம்.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். கொடுப்பதற்கு முன்னால் உள்ளும் புறமும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக எண்ணெய் போட்டு, இரண்டு குழல் வாயிலும் எண்ணெயில் நனைத்த துணியைச் சுருட்டி, வால் வெளியே நன்றாகத் தெரியும்படி தொங்கவிட்டுச் செருகுங்கள். நம்பரையும் கட்டையில் இருக்கும் கீறல்களையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ரசீதில் நம்பர் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். திரும்ப வாங்கியதும் துணியை உருவிவிட்டு, வெளிச்சத்துக்குக் காட்டி, குளவி இருக்கிறதா என்று பாருங்கள்.