மேலூர் பட்டாம்பூச்சிப் பூங்காவில் கிட்டத்திலிருந்து படம் எடுப்பது

ஸ்ரீரங்கத்தைத் தாண்டி மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வனத்துறை 2015-இல் திறந்த பூங்கா இது. 25 ஏக்கர். சுற்றிப் பார்க்க முழுத் தோட்டமும் நன்றாக இருக்கும். ஆனால் கிட்டத்தில் படம் எடுக்க நான் நேராக வலைக்கம்பி அடித்த உள்ளரங்குக்குத்தான் போவேன். காற்று குறைவு, பூ ஆடாது. பறந்துபோன பூச்சியும் சற்று நேரத்தில் அதே செடிக்குத் திரும்பிவிடும்.

காலையில் திறந்ததும் போய்விடுங்கள். வெயில் ஏறும்வரை பட்டாம்பூச்சிகள் இறக்கையை விரித்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பத்தரை மணிக்கு மேல் குழந்தைகள் கூட்டமும் வந்துவிடும், பூச்சிகளும் நிற்காது.

கேமராவை ஏசி காரிலிருந்து எடுத்து அப்படியே உள்ளே கொண்டுபோகாதீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் போனேன். உள்ளே இருந்த ஈரப்பதத்தில் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்கத் திரும்ப வந்தது. நல்ல வெளிச்சம் இருந்த அரை மணி நேரம் அதிலேயே போயிற்று. இப்போதெல்லாம் ஏசியை முன்பே அணைத்துவிடுவேன். பையின் ஜிப்பைத் திறக்காமல் இருபது நிமிடம் வெளிச்சூட்டில் வைத்திருந்து, அப்புறம்தான் கேமராவை எடுப்பேன்.

என்னிடம் இருப்பது ஒரு பழைய கெனான், டாம்ரான் 90 எம்எம் மேக்ரோ லென்ஸ், அதாவது சிறியதை மிக அருகில் பெரிதாக எடுக்கும் லென்ஸ். 90 அல்லது 100 எம்எம் இருந்தால் பூச்சியை ரொம்ப நெருங்காமலே எடுக்கலாம்.

சரி, எப்படி நெருங்குவது? பூச்சியின் பின்னால் ஓடாதீர்கள். நன்றாகப் பூத்த ஒரு இட்லிப்பூச் செடியையோ உண்ணிச் செடியையோ பார்த்து, அதன் பக்கத்தில் முட்டி போட்டு உட்காருங்கள். உங்கள் நிழல் பூவின் மேல் விழக் கூடாது. விழுந்தால் பூச்சி உடனே எழும்பிவிடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்து, உடம்பை மட்டும் மெதுவாக முன்னால் சாய்த்துப் போங்கள். வாடிய கிலுகிலுப்பைச் செடி கண்ணில் பட்டால் அங்கேயே இருந்துவிடுங்கள். வெந்தய வரியன், நீல வரியன் என்ற பட்டாம்பூச்சிகளின் ஆண்கள் இணையைக் கவரும் மணத்தை உண்டாக்க அந்தச் செடியின் சாற்றை உறிஞ்ச வரும். உறிஞ்சத் தொடங்கினால் ஒரு சாண் தூரத்துக்கு நெருங்கினாலும் நகராமல் இருக்கும்.

எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி அப்படியல்ல. தேன் குடிக்கும்போதும் இறக்கை அடித்துக்கொண்டேதான் இருக்கும். அவற்றுக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி வேண்டும். வரியன்களுக்கு 1/250 போதும். மேலே நிழல் இருப்பதால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு) 800-இலிருந்து 1600 வரை ஏற்றத் தயங்காதீர்கள். கொஞ்சம் புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

ஃபோகஸ்தான் கஷ்டமான இடம். லென்ஸ் காட்டும் முழு நெருக்கத்தில், லென்ஸின் திறப்பை எஃப் 8 வரை சுருக்கி வைத்தாலும் தெளிவாக விழுவது சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். அதனால் முழுப் பூச்சியை எடுக்கும்போது ஒரு அடி பின்னால் வாருங்கள். பெரிய பூச்சிக்கு அந்த முழு நெருக்கம் தேவையே இல்லை. இறக்கை புத்தகம் மூடியது போல் இருந்தால், கேமராவின் முதுகு அந்த இறக்கைக்கு நேர் இணையாக இருக்க வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் ஒரு நுனி மங்கிவிடும். எந்தக் கோணமானாலும் ஃபோகஸ் விழ வேண்டியது கண்ணில். ஆட்டோ ஃபோகஸ் தடுமாறினால் அதை அணைத்துவிட்டு, மூச்சை அடக்கி உடம்பை முன்னும் பின்னும் நூலிழை அசைத்து, கண் தெளியும் நொடியில் வரிசையாக ஐந்தாறு படம் எடுங்கள்.

கைபேசியில் எடுப்பவர்கள் அதை மூக்கருகே கொண்டுபோகாமல், கை நீளத்திலிருந்து இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். பின்னால் வலைக்கம்பி தெரிந்தால் ஒரு அடி பக்கவாட்டில் நகருங்கள். தூரத்து இலைகள் பின்னணியில் வந்துவிடும்.

இன்னொன்று, எனக்கு மிகப் பிடித்தது. கறுப்பில் சிவப்புப் புள்ளிகளும் முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டைகளும் கொண்ட பூச்சி வந்தால் உடம்பும் படத்தில் விழும்படி எடுங்கள். உடம்பு சிவப்பாக இருந்தால் அது சிவப்புடல் அழகி. அதன் உடலில் நஞ்சு உண்டு, பறவைகள் தொடாது. உடம்பு கறுப்பாக இருந்தால் அது சிவப்புடல் அழகியைப் போலவே வேடமிட்ட கறிவேப்பிலை அழகியின் பெண். பறக்கையில் என் கண்ணுக்குப் பிடிபடாத இந்த வித்தியாசத்தை முதன்முதலாகப் படத்தைப் பெரிதாக்கித்தான் பார்த்தேன். அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

கூட்டிலிருந்து புதிதாக வந்து இறக்கை காயத் தொங்கும் பூச்சியைத் தொட வேண்டாம், கிளையையும் அசைக்க வேண்டாம். இறக்கை கோணலாகக் காய்ந்தால் அது பறக்கவே முடியாது. நகரும் முன் காலடியைப் பாருங்கள், ஈரமண்ணில் பட்டாம்பூச்சிகள் உட்கார்ந்திருக்கும். கதவைத் தாண்டும் முன் உங்கள் முதுகையும் பையையும் பார்க்கக் கூட வந்தவரிடம் சொல்லுங்கள். ஒரு முறை என் தோள்பட்டியில் வெண்புள்ளிக் கருப்பன் ஒன்று உட்கார்ந்தே வந்திருந்தது. திரும்ப உள்ளே போய் இட்லிப்பூவில் இறக்கிவிட்டு வந்தேன்.