மழை இரவில் மெரினா போவதற்கு முன்

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் மெரினாவுக்கு ராத்திரி கிளம்புகிறவர்கள் முதலில் வானிலை மையத்தின் சென்னை ரேடார் படத்தைப் பாருங்கள். மழைமேகங்கள் கடலிலிருந்து கரைக்கு வரிசையாக வந்துகொண்டிருந்தால் ஒரு மழை விட்டதும் அடுத்தது வரும். அந்த இடைவெளிதான் உங்கள் நேரம். புயல் எச்சரிக்கை இருந்தால் வீட்டிலேயே பஜ்ஜி போட்டுக்கொள்ளலாம்.

குடை வேண்டாம். கடல்காற்றில் ஒரே வீச்சில் மடங்கிவிடும். மேல்சட்டையும் பேன்ட்டுமாக வரும் ரெயின்கோட்தான் சரி. போனை ஜிப் கவரில் போடுங்கள். ஈர விரலுக்கு டச் சரியாக வேலை செய்யாது, அதனால் ஆட்டோவுக்குச் சில்லறை நோட்டு தனியாக இருக்கட்டும்.

பைக்கை மணலோரம் நிறுத்தாதீர்கள். நனைந்த மண்ணில் சைடு ஸ்டாண்டு மெல்லப் புதைந்து வண்டி சாயும். தார் ரோட்டிலேயே சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி செயினுக்கு எண்ணெய் விடாவிட்டால் உப்பு துருவை ஏற்றிவிடும்.

மின்னல் வெட்டி 30 விநாடிக்குள் இடி கேட்டால் மணலை விட்டு வெளியேறுங்கள். தள்ளுவண்டிக் கடையின் தார்ப்பாய் பாதுகாப்பல்ல. கட்டடம் அல்லது கண்ணாடி ஏற்றிய கார்தான். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள்.

கடலில் கால் மட்டும் நனைக்கிறேன் என்பதும் வேண்டாம். இந்த மாதங்களில் அலை கரைமணலை அரித்துச் செங்குத்தாக்கிவிடும், இருட்டில் பள்ளம் தெரியாது.

மிளகாய் பஜ்ஜியை எண்ணெயிலிருந்து எடுத்த கையோடு வாங்குங்கள். தட்டில் ஏற்கெனவே அடுக்கியிருப்பது ஈரக்காற்றில் நமுத்திருக்கும்.