வட்ஸ்அப்பில வாற வைத்தியத்தை எப்பிடிச் சோதிக்கிறது? பிள்ளையளுக்கும் ஊர்ச் சனத்துக்கும் சொல்லிக்குடுக்க

இன்ரநெற்றில வாறதை நம்பாதேங்கோ எண்டு வகுப்பில சொல்லிப்போட்டு வந்தா ஒண்டும் நடவாது, பெடியள் தலையாட்டிப்போட்டு வீட்ட போய் அதே யூடியூப்பைத்தான் பாப்பாங்கள். எப்பிடித் தேடுறது எண்டு போனைக் கையில குடுத்துச் செய்ய வைக்கவேணும். ஓஎல் பிள்ளையளோட தொடங்குங்கோ, அம்மம்மான்ர போனில வாற வீடியோவைத் திறந்து குடுக்கிறதே கனவீட்டில அவையள்தானே.

முதல் பாடத்துக்கு டெங்குவை எடுங்கோ, எங்கட ஊரில அது தெரியாத வீடு இல்லை. வகுப்பை ரெண்டாப் பிரிச்சு ஒரு பக்கத்தை "பப்பாளி இலைச் சாறு டெங்கு குணமாகும்" எண்டும் மற்றப் பக்கத்தை "டெங்கு காய்ச்சல் எப்ப ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்" எண்டும் தேடச் சொல்லுங்கோ, பிறகு ரெண்டு போனையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கட்டும். முதலாவதில இலையை எப்பிடி அரைக்கிறது, எத்தினை கரண்டி குடிக்கிறது எண்டுதான் கூடுதலா வரும், ஏனெண்டா பதிலை நாங்களே கேள்விக்குள்ள வைச்சுத்தானே தேடினது. ரெண்டாவதில வயித்து நோ, நிக்காத சத்தி, முரசால ரத்தம், சோர்வு எண்டு ஆபத்தான அறிகுறியள் வரும். காய்ச்சல் விடுற நேரம்தான் டெங்குவில கவனமா இருக்கவேண்டிய நேரம் எண்டதும் அதிலதான் தெரியவரும், எங்கட ஆக்கள் காய்ச்சல் விட்டிட்டுது எண்டு நிம்மதியா இருக்கிற நேரமும் அதுதான். டெங்குவுக்கெண்டு தனி மருந்து இல்லை, காய்ச்சலுக்கு பனடோல் மட்டும்தான் அளவாக் குடுக்கலாம், இபுபுறோபென், டைக்குளோபெனாக், அஸ்பிரின் குடுக்கக் கூடாது. இதைப் பிள்ளையள் தாங்களே தேடிக் கண்டுபிடிச்சா மறக்காயினம். கேள்வியை எப்பிடிக் கேக்கிறம் எண்டதுதான் முக்கால்வாசி வேலை, இதுக்கு ஒரு முழுப் பாடநேரம் போனாலும் பரவாயில்லை.

அடுத்தது, ஒரு பக்கத்தைத் திறந்தா அதுக்குள்ளயே நிண்டு வாசிச்சு வாசிச்சு உண்மையோ பொய்யோ எண்டு யோசிக்க விடாதேங்கோ. வடிவான படமும் வெள்ளைக் கோட்டும் ஆரும் போடலாம். வெளியில வந்து, இதைச் சொல்லுறது ஆர், வேற ஆர் இதைச் சொல்லினம் எண்டு தேடவேணும். எங்கட இலங்கைக்கு சுகாதார மேம்பாட்டுப் பணியகமும் தொற்றுநோயியல் பிரிவும் இருக்கு, கவ்.எல்கே (gov.lk) எண்டு முடியிற அரசாங்க விலாசத்தைப் பாக்கப் பழக்குங்கோ. வெளியில எண்டா உலக சுகாதார நிறுவனம், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துற மெட்லைன்பிளஸ், பிறகு மருத்துவ ஆராய்ச்சியளைச் சேத்துச் சரிபாக்கிற கொக்ரேன் எண்ட அமைப்பு, அதில ஆராய்ச்சிச் சுருக்கங்கள் கொஞ்சம் தமிழிலயும் கிடக்கு. கூகிள் மொழிபெயர்ப்பில மருந்து அளவை மட்டும் எடுக்கவேண்டாம். சற்ஜிபிடியைக் கேட்டாலும் இதே சோதனைதான்.

பிறகு எந்த ஊர்க் கதை எண்டு பாக்கவேணும், எங்களுக்கு இது மற்ற ஆக்களை விட முக்கியம். எங்கட போனுக்கு வாறதில பாதி தமிழ்நாட்டு வீடியோ, அவை டோலோ, குரோசின் எண்டு சொல்லுறதுக்குள்ளயும் எங்கட பனடோலுக்குள்ளயும் இருக்கிறது ஒரே பரசிற்றமோல்தான், ரெண்டையும் வேற வேற எண்டு நினைச்சுச் சேத்துப் போட்டா அளவு கூடிப்போம். அதால குளிசை மட்டையைத் திருப்பிப் பிடிச்சு சின்ன எழுத்தில இருக்கிற மருந்துப் பேரை வாசிக்கப் பழக்குங்கோ. மற்றது லண்டன் மாமா, கனடா சித்தி. அங்க ரத்தத்தில சீனியை அளக்கிற அலகு வேற. அவையள் சாப்பிட முதல் எடுத்த சீனி 7 எண்டு எழுதினா இஞ்ச 126, அங்கத்தைய கணக்கை 18 ஆல பெருக்கவேணும். எனக்கு 7 தானே நல்லம் எண்டு அவர் சொன்னா அதைப் பாத்து நாங்களும் நிம்மதியாகக் கூடாது, 126 எண்டுறது நீரிழிவு எண்டு சொல்லுற எல்லை.

சீனி வருத்தத்தைப் பூரணமா மாத்துறம் எண்டு சொல்லுற வீடியோவைக் கடைசி வரைக்கும் பாக்கச் சொல்லுங்கோ, முடிவில அனேகமா பவுடர் வாங்க ஒரு போன் நம்பர் வரும். அதை நம்பி டொக்டர் குடுத்த சீனிக் குளிசை மெற்போமினை நிப்பாட்டுற ஆக்கள் இருக்கினம், எனக்கு உண்மையாவே நெஞ்சு பதறுற விசயம் இது.

2024 மார்கழியில யாழ்ப்பாணத்தில காய்ச்சல் பரவினதை உதாரணமா எடுங்கோ. என்ன காய்ச்சல் எண்டு தெரியாம ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்தது, பிறகு பரிசோதனை செய்துதான் எலிக்காய்ச்சல் எண்டு உறுதியானது. அந்த இடைப்பட்ட நாளில "இன்னும் தெரியாது, பரிசோதிக்கினம்" எண்டுறதுதான் சரியான பதில். தெரியாது எண்டு சொல்லுற இடத்தைக் கூடுதலா நம்பலாம் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ. வயலுக்கு இறங்குற ஆக்களுக்கு எலிக்காய்ச்சல் வராமத் தடுக்கிற டொக்சிசைக்கிளின் குளிசையை எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபீசில கேக்கலாம் எண்டதையும் சேத்துச் சொல்லுங்கோ.

சனசமூக நிலையத்தில வைக்கேக்க வேற மாதிரி. பேப்பர் பாக்க வாற ஐயாமாரிட்ட இது பொய் எண்டு ஒரு பெடியன் சொன்னா கதை அதோட முடிஞ்சுது. "ஐயா, இதை ஆர் சொன்னது எண்டு ஒருக்காச் சேந்து பாப்பமோ" எண்டு பக்கத்தில கதிரையைப் போட்டு இருக்கவேணும். குடும்பக் குரூப்பில பெரியம்மா போட்டதுக்கு அங்கேயே மறுப்பு எழுதவேண்டாம், தனிய எடுத்துக் கதையுங்கோ. பிஎச்ஐயையோ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) குடும்பநல மிஸ்ஸையோ அண்டைக்குக் கூப்பிடுங்கோ, தேடிக் குழம்பினா ஆரிட்டக் கேக்கிறது எண்டு முகம் தெரியவேணும். எம்ஓஎச் ஒபீஸ் நம்பரையும் அம்புலன்சுக்கு 1990, மனநல உதவிக்கு 1926 எண்டதையும் எல்லாற்ற போனிலயும் சேமிக்க வைச்சிட்டு அனுப்புங்கோ.

இதையெல்லாம் ஐப்பசி மழைக்கு முதல் செய்யுங்கோ, டெங்கு ஏறின பிறகு ஆருக்கும் இருந்து படிக்க நேரம் கிடையாது.