பாலிக்குத் தனியாகக் கிளம்புகிறீர்களா? டிக்கெட்டுக்கு முன் நாள்காட்டியைப் பாருங்கள்

உபுட் குரங்குக் காட்டில் மூக்குக்கண்ணாடி பறிபோவது, பணம் மாற்றும் கடையில் நோட்டு குறைவது, வெயிலில் தோல் உரிவது பற்றியெல்லாம் வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. அவற்றை இங்கே தொடப்போவதில்லை. கோயிலுக்காகவும் கலைக்காகவும் சடங்குக்காகவும் பாலிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள் வேறு மாதிரியானவை. குழுவோடு போனால் வழிகாட்டி தடுத்துவிடுவார். தனியாகப் போகிறவர், தவறு செய்தது தெரியாமலேயே ஊர் திரும்பிவிடுவார்.

விமானக் கட்டணத்தை மட்டும் பார்த்து நாள் குறிப்பது

மிக அதிகமாக விலை கொடுக்க வைக்கும் தவறு இதுதான். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்குவதில்லை. மாதக்கணக்கில் விடுதி தேடுவார்கள், உணவகப் பட்டியல் போடுவார்கள். பாலி மக்கள் எந்த நாள்காட்டிப்படி வாழ்கிறார்கள் என்று மட்டும் ஐந்து நிமிடம் பார்க்க மாட்டார்கள்.

அங்கே இரண்டு நாள்காட்டிகள் சேர்ந்தே ஓடுகின்றன. ஒன்று சக ஆண்டு. நம் பஞ்சாங்கத்தில் சாலிவாகன சகாப்தம் என்று அச்சிடுகிறார்களே, கி.பி. 78இல் தொடங்கும் அதே கணக்கு. மற்றொன்று பவுக்கோன். ஏழு நாள் வாரங்கள் 30 சேர்ந்து 210 நாளில் ஒரு சுற்று முடியும். நிலவோடும் பருவத்தோடும் இதற்குத் தொடர்பில்லை. ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் வாரமும் மூன்று நாள் வாரமும் கூடவே சுழல்கின்றன. ஏழு நாள் வாரத்தின் சோமா, புதா, சுக்ரா, சனிஸ்சாரா என்ற பெயர்களைக் கேட்டதும் நமக்குப் புரிந்துவிடும். ஐந்து நாள் வாரத்தின் உமானிஸ், பாயிங், போன், வாகே, க்லிவோன் என்பவைதான் புதிது. எந்த நாள் எதோடு சேர்கிறது என்பதை வைத்துத்தான் அந்த நாளுக்கு மதிப்பு. சனிக்கிழமையும் க்லிவோனும் சேர்ந்தால் தும்பெக்; 35 நாளுக்கு ஒருமுறை வரும். அவற்றில் ஒன்றான தும்பெக் லண்டெப் அன்று கத்தி, கிரிஸ் குத்துவாள், கார், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் படையல் வைப்பார்கள். ஆயுத பூஜை பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தெருக்காட்சி சட்டென்று நெருங்கிவிடும்.

பவுக்கோனில் பெரிய பண்டிகை கலுங்கான். டுங்குலான் என்னும் வாரத்துப் புதன்கிழமையில் வரும். 210 நாள் கணக்கு என்பதால் ஆங்கிலத் தேதி நழுவிக்கொண்டே போகும். 2025இல் ஏப்ரல் 23, நவம்பர் 19 என்று இரண்டு முறை வந்தது. 2026இல் ஜூன் 17 மட்டும்தான். அடுத்தது 2027 ஜனவரி 13. ஒரு தேதி தெரிந்தால் போதும், 210ஐக் கூட்டிக்கொண்டே போகலாம். ‘போன வருஷம் நண்பர் ஏப்ரலில் பார்த்தாராம்’ என்று இந்த ஏப்ரலுக்கு டிக்கெட் போடுகிறவருக்கு வெறும் தெருதான் மிச்சம்.

தெரியாமல் கலுங்கான் வாரத்தில் போய் இறங்குவதும் நஷ்டம்தான். மரச்சிற்பம் கற்றுக்கொள்ள மாஸ் கிராமத்தில் மூன்று நாள், வெள்ளி வேலைக்குச் செலுக்கில் இரண்டு நாள் என்று திட்டம் போட்டு வருவார்கள். பட்டறை பூட்டியிருக்கும். கார் ஓட்டுநர் சொந்த ஊருக்குப் போயிருப்பார். முந்தின நாளான பெனாம்பஹான் அன்று விடியற்காலையிலேயே வீட்டு ஆண்கள் பன்றி அறுத்து, இறைச்சியும் தேங்காய்த் துருவலும் மசாலாவும் கலந்து லாவார் செய்துகொண்டிருப்பார்கள். வாசலில் பென்ஜோர் ஏறிக்கொண்டிருக்கும். நுனி வளைந்து தெருவுக்குள் தொங்கும் உயரமான மூங்கில் அது; தென்னங்குருத்துத் தோரணமும் நெற்கதிரும் பழமும் கட்டியிருப்பார்கள். வகுப்பு ரத்தாகிவிட்டதே என்று விடுதி அறையில் முகம் தூக்கி உட்கார்ந்திருப்பவர், வாசலில் நடக்கும் இந்த வேலையைக் கோட்டைவிடுகிறார். உதவட்டுமா என்று கேட்டால் குருத்தோலையையும் கத்தியையும் கையில் கொடுத்துவிடுவார்கள்.

கலுங்கானுக்குப் பத்தாம் நாள் சனிக்கிழமை குனிங்கான். கலுங்கானுக்கு இறங்கி வந்த முன்னோர் திரும்பிப் போகும் நாள். படையலை நண்பகலுக்குள் முடித்துவிடுவார்கள்; பதினொரு மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினால் ஒன்றும் மிஞ்சாது. இந்தப் பத்து நாள்தான் தனிப் பயணிக்குப் பொற்காலம். மாலையில் சிறுவர்கள் பாரோங் என்னும் காவல் விலங்கின் வேட உருவத்தைத் தூக்கிக்கொண்டு தாளத்தோடு வீடுவீடாகப் போவார்கள். பென்ஜோர் 35 நாள் வரை நிற்கும்.

ஞெப்பியில் சிக்குகிறவர்கள் கதை இன்னும் மோசம். சக ஆண்டுப் பிறப்பு இது. 2026இல் மார்ச் 19 அன்று, சக ஆண்டு 1948க்கு. காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை நெருப்பு இல்லை, வெளிச்சம் இல்லை, வேலை இல்லை, பயணம் இல்லை, கேளிக்கை இல்லை. விமான நிலையமே மூடிவிடும். கைபேசி இணையமும் நின்றுவிடும். வெளிநாட்டுக்காரரும் விடுதி வாசலைத் தாண்டக்கூடாது. கட்டம்போட்ட துணி கட்டிய ஊர்க்காவலர்களான பெச்சாலாங் ரோந்து வருவார்கள். நான்கு நாள் பயணத்தில் ஒரு நாள் இப்படிப் போய்விட்டதென்று புலம்புகிறவர்கள் உண்டு. அன்றைக்கே திரும்பும் விமானத்தைப் போட்டுவிட்டு மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு.

சரியான கணக்கு இது: ஞெப்பிக்கு ஐந்து நாள் முன்பே வந்துவிடுங்கள். மெலாஸ்டி ஊர்வலங்களில் கோயிலின் புனிதப் பொருள்களைக் கடலுக்குத் தூக்கிப் போவதைப் பார்க்கலாம். முந்தின நாள் சாயங்காலம் ஒகோ-ஒகோ என்னும் பூத உருவங்கள் மூங்கில் சட்டத்தில் ஏறி வரும். நாற்சந்தியில் அவற்றைச் சுற்றிச் சுழற்றுவார்கள். அதைப் பார்க்க ஐந்து மணிக்கே இடம் பிடித்து, இரவு நடந்தே திரும்புகிற தூரத்தில் தங்குங்கள், சாலைகள் அடைபட்டிருக்கும். ஞெப்பிக்கான சாப்பாட்டையும் தண்ணீரையும் அதற்கு முன்பே வாங்கி வையுங்கள். தங்குமிடத்தில் அன்று சமைத்துத் தருவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். அந்த இரவு முற்றத்தில் உட்கார்ந்து வானத்தைப் பாருங்கள். தீவு முழுக்க விளக்கணைத்த இருட்டில் நட்சத்திரம் தெரிவதுபோல வேறெங்கும் தெரியாது.

மூன்றாவது, ஓடாலான். ஒவ்வொரு கோயிலுக்கும் ஆண்டு விழா. பெரும்பாலும் 210 நாளுக்கு ஒருமுறை, சில கோயில்களில் பௌர்ணமிக் கணக்கில். பாலியில் ஆயிரக்கணக்கான கோயில்கள் இருப்பதால் ஏதோ ஒரு கிராமத்தில் எப்போதும் ஒன்று நடந்துகொண்டே இருக்கும். பாலி வீடுகளில் தொங்கும் சுவர் நாள்காட்டியில் அன்றன்றைக்கு எந்தக் கோயிலில் ஓடாலான் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். விடுதி நடத்தும் அம்மாவிடம் அதைக் காட்டி, பக்கத்தில் எது என்று கேளுங்கள். பழமும் பணியாரமும் கோபுரமாக அடுக்கிய கெபோகானைத் தலையில் சுமந்து பெண்கள் எந்தத் திசையில் போகிறார்களோ அந்தத் திசையில் நடந்தாலும் போய்ச் சேரலாம். சீட்டு வாங்கிப் பார்க்கும் பத்துக் கோயில்களை விட ஒரு கிராமத்து ஓடாலான் இரவு அதிகம் கற்றுத்தரும்.

‘நம்ம கோயில் மாதிரிதானே’ என்று நுழைவது

தமிழ்ப் பயணிகள் இதில் அதிகம் சறுக்குகிறார்கள். பாலிக் கோயிலில் கருவறைக்குள் மூலவரைத் தேடாதீர்கள். மதில் சூழ்ந்த திறந்த முற்றங்கள்தான் கோயில்: வெளி முற்றம், நடு முற்றம், உள் முற்றமான ஜெரோவான். உயர்ந்த கல் இருக்கையான பத்மாசனா காலியாகத்தான் இருக்கும். தெய்வம் வந்து அமர்வதற்கான இடம் அது. திசைக் கணக்கும் வேறு. மலைப்பக்கம் காஜா, கடல்பக்கம் கெலோட். தெற்குப் பாலியில் காஜா வடக்கு. மலைக்கு அந்தப் பக்கமுள்ள சிங்கராஜாவில் அதே காஜா தெற்கு.

உடை: இடுப்பில் காமென் துணி, அதன்மேல் செலெண்டாங் கச்சை. இரண்டும் கட்டாயம். ஓடாலானுக்கென்றால் ஆண்களுக்குத் தலையில் உடெங்கும் காமெனுக்கு மேல் சாபுட்டும், பெண்களுக்குக் கேபாயா மேல்சட்டையும். மாதவிடாய் நாள்களிலும், வீட்டில் அண்மையில் சாவு நேர்ந்திருந்தாலும் உள்ளே வரவேண்டாம் என்பது அவர்கள் விதி. அதைப் பற்றி வாசலில் நின்று வாதாடுவது விருந்தாளிக்கு அழகில்லை. பூசாரியான பெமாங்கு தரையில் அமர்ந்திருக்கும்போது நின்றுகொண்டோ, படம் எடுக்கச் சுவரில் ஏறியோ அவர் தலைக்கு மேலே இருக்காதீர்கள்.

வழிபாட்டில் சேரச் சொன்னால் கூச்சப்படாமல் உட்காருங்கள். ஐந்து கும்பிடு: முதலும் கடைசியும் வெறுங்கையால், நடுவில் மூன்றும் விரல் நுனியில் பூவைப் பிடித்து, நெற்றிக்கு மேலே உயர்த்தி. பிறகு திர்த்தா தெளிப்பார்கள். வலக்கையை இடக்கையின் மேல் குழித்து வாங்கி மூன்று முறை பருகி, அடுத்து வருவதை முகத்திலும் தலையிலும் தடவிக்கொள்ள வேண்டும். கடைசியில் ஈர அரிசியான பீஜா வரும். நெற்றியிலும் தொண்டைக்குழியிலும் ஒட்டிக்கொண்டு, ஓரிரு மணியை விழுங்குவார்கள். படையலில் இறைச்சியைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

மெலுக்காட்டைப் படப்பிடிப்பாக்குவது

தம்பாக்சிரிங்கின் தீர்த்தா எம்புல் பத்தாம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் ஊற்றுக்கோயில். நண்பகலில் போய் இடுப்பளவு நீரில் வரிசையில் நின்று, நீர்த்தாரைக்குக் கீழே முகத்தைக் காட்டிப் படம் எடுத்துத் திரும்புவது மெலுக்காட் ஆகாது; மெலுக்காட் என்பது நீரால் தூய்மை பெறும் சடங்கு. பின்னால் கண்மூடி நிற்கும் குடும்பத்துக்கு அது இடைஞ்சல்.

காலையில் திறந்ததும் போங்கள். குளத்துக்கென்று தரும் தனித் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். முதலில் சானாங் சாரி, அதாவது பூ வைத்த சிறு ஓலைத்தட்டுப் படையல் வைத்து வேண்டிக்கொண்டு, இடக்கோடித் தாரையில் தொடங்கி வலப்பக்கமாக நகர வேண்டும். ஒவ்வொன்றிலும் கும்பிட்டு, தலையை நனைத்து, வாய் கொப்பளித்து, முகம் கழுவுங்கள். முதல் குளத்தின் 11, 12ஆம் தாரைகள் இறந்தோர் சடங்குக்கானவை; அவற்றைத் தாண்டிவிட வேண்டும். எண்ணிக்கையில் குழப்பம் வந்தால் முன்னால் நிற்கும் உள்ளூர்க்காரர் எதை விடுகிறாரோ அதை விடுங்கள். சோப்பு, ஷாம்பு கூடாது. உலர்ந்த உடை மாற்றிய பிறகு உள் முற்றத்தில் வழிபட்டால்தான் சடங்கு முழுமை பெறும். மாற்றுத்துணி கொண்டுபோகாததால் பாதியில் விட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

சானாங் சாரியைத் தாண்டுவது

தரையில் வைத்த படையலின் ஊதுபத்தியில் புகை வரும்போது தாண்டாதீர்கள். சுற்றி நடங்கள்.

எல்லா நடனத்தையும் புராதனச் சடங்கென்று நம்புவது

ஆண்கள் கூட்டமாகக் குரல் எழுப்பி ஆடும் கேச்சாக் இன்றுள்ள வடிவில் 1930களில் உருவானது. அதன் வேர் மட்டும் சங்ஹ்யாங் என்னும் அருளேறும் ஆட்டத்தில் இருக்கிறது. பாலிக்காரர்களே நடனங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள். உள் முற்றத்துக்கான வாலி, நடு முற்றத்துக்கான பெபாலி, பார்வையாளருக்கான பாலிஹ்-பாலிஹான். சீட்டு வாங்கிப் பார்ப்பவை கிட்டத்தட்ட எல்லாம் மூன்றாம் வகை. அதனால் மதிப்புக் குறையாது. எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்கலாம்.

உபுட் அரண்மனை முற்றத்தில் லெகோங் நடனம் பார்க்கப் போனால் முக்கால் மணி முன்பே போய் கமெலான் இசைக்குழுவின் பக்கவாட்டில் உட்காருங்கள். வெண்கலக் கட்டைகள் இணை இணையாக இருக்கும். இணையில் ஒன்றைவிட மற்றொன்றின் சுருதி துளி தூக்கல். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நாதம் அலையாக நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு ஓம்பாக், அதாவது அலை என்றே பெயர். ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் அடிப்பதைச் சுத்தியலைப் பார்த்தால் பிடித்துவிடலாம். வாத்தியங்களைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள்.

ஒரே நாளில் ஆறு கோயில்

இரண்டு போதும்.

உரிமம் இல்லாமல் ஸ்கூட்டர்

இருசக்கர வாகனத்துக்கான சர்வதேச உரிமம் இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது.

மரக்கறி என்று சொன்னால் போதுமென்று நினைப்பது

சம்பலில் இறால் விழுது இருக்கும். ‘தான்பா தெராசி’ (இறால் விழுது இல்லாமல்) என்று தனியாகச் சொல்லவேண்டும்.

செய்முறை பார்க்காமல் கலைப்பொருள் வாங்குவது

தெங்கானான் கிராமத்தின் கெரிங்சிங் துணியில் பாவும் ஊடையும் இரண்டுமே நெய்வதற்கு முன்பே முடிச்சிட்டுச் சாயம் ஏற்றப்படும். குஜராத்தின் பட்டான் படோலாவைப் போன்ற வேலை. நூலைக் கெமிரி என்னும் கொட்டையின் எண்ணெயில் ஊறவைத்து, நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு நுணா இனத்து வேர்ப்பட்டை என்று சாயம் ஏற்றி முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். துணியைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் நிறம் இருக்கவேண்டும், உருவங்களின் விளிம்பு லேசாகக் கலங்கியிருக்கவேண்டும். பின்பக்கம் வெளுத்திருந்தால் அது அச்சடித்தது.

காமாசான் ஓவியம் வாங்குமுன் பக்கத்திலேயே செமராபுராவில் கெர்த்தா கோசா மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பாருங்கள். அரிசிக் கஞ்சி போட்டுக் காயவைத்து, சோழியால் தேய்த்துப் பளபளப்பாக்கிய பருத்தித் துணியில் வரைவதே காமாசான் முறை. விரலால் தடவினால் அந்த வழவழப்பு தெரியும்.

வடக்கை விட்டுவிடுவது

சிங்கராஜாவில் 1928இல் தொடங்கிய கெடோங் கிர்த்யா என்னும் ஓலைச்சுவடி நூலகத்துக்கு ஆள் வருவதே குறைவு. தமிழருக்கு இதைவிட நெருக்கமான இடம் பாலியில் இல்லை. அங்கே சுவடிக்கு லோந்தார் என்று பெயர்; லோந்தார் என்பது பனை. இரும்பு முனையால் ஓலையில் கீறி, சுட்ட கெமிரிக் கொட்டையின் கரியைத் தேய்த்துத் துடைப்பார்கள். கீறலில் மட்டும் கருப்பு தங்கி எழுத்து எழும்பும். உபுட்டிலிருந்து மலைப்பாதையில் போய்த் திரும்ப ஒரு முழுநாள் வைத்துக்கொண்டு காலை ஏழுக்குள் கிளம்புங்கள். கலுங்கானுக்கு இதுவும் பூட்டியிருக்கும்.