துருவ நட்சத்திரத்தை மறைத்த தண்ணீர்த் தொட்டி

மதுரையில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தைத் தொலைநோக்கி வழியாக 60 வினாடி எக்ஸ்போஷரில் படம் எடுத்தால், ஒவ்வொரு நட்சத்திரமும் அரிசி மாதிரி நீண்டு விழுந்தது. வானம் நகரும் வேகத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டாரைத்தான் முதலில் திட்டினேன். பாவம், அதன் மேல் தப்பில்லை.

தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்டின் சுழல் அச்சு வான துருவத்தை, அதாவது வானம் சுற்றுவதுபோல் தெரியும் மையத்தை, நோக்கி இல்லை. அந்த இடத்தைக் காட்டுவது துருவ நட்சத்திரம். மதுரையில் துருவ நட்சத்திரம் சுமார் 10 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அங்கே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. நானோ ஃபோன் காம்பஸை எஃகு ட்ரைபாட் மேலேயே வைத்து வடக்கு பிடித்திருந்தேன்!

அப்புறம், நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்து அச்சைச் சரிசெய்யும் ட்ரிஃப்ட் முறைக்கு மாறினேன். பிப்ரவரி தொடக்கம், இரவு 9 மணி வாக்கில் ஓரியனின் இடுப்புப்பட்டையில் உள்ள மின்டகா நட்சத்திரம் உச்சிக்கோட்டருகே (வடக்கிலிருந்து தெற்கே தலைக்கு மேல் போகும் கோடு) வரும். வான நடுக்கோட்டை (பூமத்தியரேகைக்கு நேர் மேலே வானில் உள்ள கோடு) ஒட்டிய நட்சத்திரம், இதற்கு வசதி. குறுக்குக்கோடு போட்ட ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) நிறுத்தி ஐந்து நிமிடம் பார்த்தேன். தெற்கே நழுவியது. அப்படியென்றால் அச்சு கிழக்கே சாய்ந்திருக்கிறது, மேற்கே திருப்பினேன். (ஐபீஸில் எது தெற்கு என்று குழம்பினால் குழாயை மெல்ல வடக்கே தள்ளுங்கள், நட்சத்திரம் தெற்கு ஓரத்துக்குப் போகும்.) அடுத்து கிழக்கே தாழ்வாக இருந்த மக நட்சத்திரம். அதுவும் தெற்கே நழுவ, அச்சு தாழ்வு என்று புரிந்து, உயரத் திருகை அரைச் சுற்று ஏற்றினேன். இரண்டையும் மாற்றி மாற்றி மூன்று முறை. ஒன்றரை மணி நேரம், கொசுக்கடி தனி.

இப்போது 60 வினாடியில் நட்சத்திரங்கள் உருண்டையாக விழுகின்றன. 90 வினாடியில் இன்னும் லேசாக நீள்கிறது, பரவாயில்லை. ட்ரைபாட் கால்கள் நின்ற மூன்று இடத்திலும் தரையில் பெயின்ட் அடித்துவிட்டேன்.