நாய், பூனை வளர்ப்போருக்கான முதலுதவி ஆயத்தம்: நான் கற்றுக்கொண்ட வரிசையில்

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, அல்சூர் ஏரிக்கரைச் சாலையில் எங்கள் நாட்டு நாய் மணி உடைந்த பீங்கானை மிதித்துவிட்டது. வலது முன்பாதத்திலிருந்து சொட்டிய இரத்தம் இரண்டு மாடிப் படிக்கட்டிலும் கறையாகப் படிந்தது. வீட்டில் மருந்துப் பெட்டி இருந்தும் அதிலிருந்து முதலில் எதை எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா காப்பித்தூள் டப்பாவுடன் ஓடி வந்தார். அதன் பின்னர் கால்நடை மருத்துவரிடம் கேட்டும், வீட்டில் பலமுறை செய்து பார்த்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

படி 1: போகும் இடத்தை முன்னரே முடிவு செய்யுங்கள்

பெங்களூரில் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், குயின்ஸ் சாலை அரசு கால்நடை மருத்துவமனையும் பலருக்குத் தெரிந்தவை. ஆனால் உங்களுக்குத் தேவைப்படுவது இரவு பதினொரு மணிக்கும் மருத்துவர் இருக்கும் இடம். ஆகவே, வீட்டுக்கு அருகிலுள்ள மூன்று இடங்களின் எண்களை எடுத்து, ஒருநாள் இரவிலேயே அழைத்து, மருத்துவர் அங்கேயே தங்குகிறாரா, ஆக்சிஜனும் எக்ஸ்ரேயும் உண்டா என்று கேளுங்கள். 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்று பலகை வைத்திருந்த ஓர் இடத்தில், அன்றிரவு காவலாளி மட்டுமே தொலைபேசியை எடுத்தார். ஆட்டோ ஓட்டுநரிடம் கன்னடத்தில் 'பசு ஆஸ்பத்திரெ' என்று சொன்னால் புரிந்துகொள்வார். அங்கே 'பசு' என்பது எல்லா விலங்குக்கும் பொதுவான சொல்.

படி 2: நலமாக இருக்கும்போது அளந்து எழுதிவையுங்கள்

எடையைக் கட்டாயம் குறித்துவையுங்கள், ஏனெனில் தொலைபேசியில் மருத்துவர் பெரும்பாலும் முதலில் கேட்பது அதைத்தான். நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, உங்கள் எடையைக் கழித்தால் போதும். உறங்கும்போது நாயும் பூனையும் நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு விடுவது இயல்பன்று. உடல் வெப்பம் சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நமக்குக் காய்ச்சல் என்று தோன்றும் அளவு அவற்றுக்கு இயல்பானது. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மேலுதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு பிறவியிலேயே கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.

படி 3: பெட்டி

ஒட்டாத வகை காயத் துணி, காஸ் (மெல்லிய வலைத்துணி) சுருள், பஞ்சுச் சுருள், காயம் கழுவும் உப்புநீரான நார்மல் சலைன் பாட்டில், கிருமிநாசினியான போவிடோன் அயோடின், நுனி மழுங்கிய கத்தரிக்கோல், உண்ணி எடுக்கும் கொக்கி, ஒரு பெரிய துண்டு ஆகியவை போதும். இவற்றோடு, தன் மேலேயே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் தன்மையுள்ள கட்டுத்துணி இரண்டு சுருள் வாங்குங்கள். சாதாரண பிளாஸ்திரி முடியில் ஒட்டி, பிரிக்கும்போது பிராணியை வதைக்கும் என்பதால் அதை நான் வாங்குவதேயில்லை.

பாராசிட்டமாலைப் பெட்டியில் வைக்காதீர்கள். ஒரே மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும். ஐபுபுரோஃபென் நாய், பூனை இரண்டுக்கும் ஆபத்து. டெட்டால் போன்ற கிருமிநாசினியைப் பூனை நக்கி விழுங்கினால் நஞ்சாகும்.

படி 4: பிடிக்கும் பழக்கம்

வலியில் இருக்கும் எந்த நாயும் கடிக்கும், உங்கள் மடியில் வளர்ந்ததாக இருந்தாலும். காஸ் சுருளில் ஒரு வளையம் செய்து மூக்கின்மேல் மாட்டி, தாடைக்கு அடியில் குறுக்காகக் கொண்டுபோய், காதுகளுக்குப் பின்னால் அவிழ்க்கத்தக்க முடிச்சாகப் போடுங்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், பக் போன்ற தட்டை மூக்கு இனங்களுக்கும் இதைச் செய்யவே கூடாது. பூனைக்கு வாய்க்கட்டு வேண்டாம். துண்டில் தலை மட்டும் வெளியே தெரியும்படி சுற்றுங்கள். இரண்டையும் வாரம் ஒருமுறை, தின்பண்டம் கொடுத்தபடியே பழக்குங்கள்.

படி 5: இரத்தத்தை நிறுத்துவதும் கட்டுப் போடுவதும்

நான் தவறியது இங்கேதான் என்பதால் விரிவாக எழுதுகிறேன். சுத்தமான காஸை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நான் அரை நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் உறையத் தொடங்கிய இரத்தம் துணியோடு பிய்ந்து வந்து, காயம் மீண்டும் ஒழுகியது. துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். காப்பித்தூளும் மஞ்சளும் வேண்டாம். பின்னர் மருத்துவர் காயத்தைக் கழுவும்போது அவற்றைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், அந்த வலியை அனுபவிப்பது நாய்தான்.

இரத்தம் நின்றபின் நான் பாதத்தை விட்டுவிட்டு அதற்கு மேலே மட்டும் இறுக்கிச் சுற்றிவிட்டேன். விடிவதற்குள் பாதம் ரொட்டி போல் உப்பியிருந்தது, ஏனெனில் மேலேறித் திரும்ப வேண்டிய இரத்தத்தைக் கட்டு தடுத்துவிட்டது. சரியான முறை, விரல்களில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுவதாகும். விரல்களுக்கு இடையே மெல்லிய பஞ்சு வைத்து, காயத்தின்மேல் ஒட்டாத துணியை வைத்து, பஞ்சு, காஸ், கடைசியாக ஒட்டும் கட்டுத்துணி என்ற வரிசையில், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மறைக்கும்படி போடுங்கள். ஒட்டும் துணியை முழுதும் இழுக்காமல், தளர்த்திப் பிடித்துச் சுற்றுங்கள். நடுவிலுள்ள இரண்டு விரல்களின் நகங்கள் வெளியே தெரியட்டும். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் வீக்கம் ஏறுகிறது என்று பொருள், உடனே அவிழ்த்துவிடுங்கள். இந்தக் கட்டு மருத்துவரிடம் சேரும்வரைக்கும்தான்.

கட்டெல்லாம் போட்டுக்கொண்டிராமல் உடனே கிளம்ப வேண்டிய நேரங்களும் உண்டு: வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனை, சிறுநீர் வராமல் முக்கிக்கொண்டேயிருக்கும் ஆண் பூனை, வெளுத்த ஈறு, ஐந்து நிமிடத்துக்குமேல் நீடிக்கும் வலிப்பு, பாம்புக்கடி. பாம்பு கடித்த காலைக் கயிற்றால் கட்டாமல், நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள்.

பின்னர் சேர்த்தவை

ஒரு வாசகி, நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவியதாகவும், அதற்கு உடல் நடுக்கம் வந்ததாகவும் எழுதியிருந்தார். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்து பூனைக்கு நஞ்சு. உறையில் பூனைக்கு என்று எழுதியிருந்தால் மட்டுமே தடவுங்கள்.

நஞ்சுண்ட நாயை உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா என்று இருவர் கேட்டிருந்தனர். கூடாது, உப்பே தனி நஞ்சாகிவிடும். தின்றதன் உறையை எடுத்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள். எலி மருந்து சிலவற்றில் அறிகுறி வெளிப்படச் சில நாள்கள் ஆகும் என்பதால், நாய் துள்ளி ஓடுகிறதே என்று காத்திருக்க வேண்டாம்.

உதவப்போய்க் கடிபட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பூனைக்கூடைக்குள் பூனை நுழைய மறுக்கிறது என்பது அடிக்கடி வரும் கேள்வி. மேல்புறமும் திறக்கும் கூடையையே வாங்கி, பரண்மேல் ஏற்றாமல் கூடத்திலேயே ஒரு பழைய போர்வையைப் போட்டுத் திறந்து வையுங்கள். எங்கள் சின்னிக்கு மூன்று வாரம் பிடித்தது; இப்போது மதியத் தூக்கம் அதற்குள்தான்.